குரங்கு மேடத்தின் அரை மணி நேரம்

ஆரணியில் அவரைக் குரங்கு மேடம் என்றுதான் சொல்வார்கள். நேரில் "மேடம்". அவர் தெருமுனை திரும்பியதும் முழுப் பட்டம். அவருக்கும் இது தெரியும். மருந்துக் கடைக்காரர் ஒருமுறை வாய் தவறி நேரிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "பரவால்லிங்க, அது நல்ல குரங்குதான்" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார் மேடம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் அப்போது ஒரு சின்னத் தொண்டு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். விசிட்டிங் கார்டில் மட்டும் நகைச்சுவை எழுத்தாளர். ஐநூறு அடித்ததில் நானூற்றுச் சொச்சம் இன்னும் பரணில் இருக்கிறது. மேஜைக் கால் ஆடும்போது நாலு கார்டை மடித்து முட்டுக்கொடுப்பேன். என் இலக்கியம் ஒரு பாரத்தைத் தாங்கியது அங்கே மட்டும்தான்.

ஏழாம் நம்பர் அறை மேடத்துடையது. எச்.ஐ.வி. சோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லி, அதற்கு மேல் எப்படி வாழ்வது என்று பேசுகிற வேலை. கதவில் 'கவுன்சிலர்' என்று பலகை. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், தெருவில் ஒரு வாரமாகத் தண்ணி வரவில்லை என்று மனு கொடுத்துவிட்டுப் போனார். மேடம் அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "பாவம், அவ்வளவு தூரம் நடந்து வந்துட்டாரு."

அறைச் சுவரில் ஒரு குரங்குப் படம். புகை நிற உடம்பு, வெள்ளை இமை, உலகத்தின் மேல் பெரிய புகார் எதுவும் இல்லாத மாதிரி ஒரு பார்வை. ஒரு சனிக்கிழமை பார்த்தால், அதன் நெற்றியில் குங்குமம், சட்டத்தில் வெற்றிலை மாலை. மேடமோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"ஆஞ்சநேயர் இல்லேன்னு சொல்லிடட்டுமா மேடம்?" என்றேன்.

"எதுக்குங்க? வர்றவங்க கும்பிட்டுட்டு உக்காந்தா பயம் கொஞ்சம் கொறையுது."

அந்தக் குங்குமத்தை அவர் கடைசி வரை துடைக்கவில்லை.

அவருடைய சட்டம் ஒன்று உண்டு. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். கிருமி இருக்கிறது என்றாலும் அரை மணி, இல்லை என்றாலும் அரை மணி. ஒருவர் ரெண்டு நிமிஷத்தில் சிரித்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்தவர் நாற்பது நிமிஷம் ஆகியும் வரவில்லை என்றால், வராந்தாவில் இருக்கும் கூட்டம் கடிகாரத்தைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடும். எங்கள் ஊருக்கு ரத்தப் பரிசோதனையே தேவையில்லை, கதவைப் பார்த்தால் போதும். அதனால்தான் அரை மணி.

இல்லை என்று தெரிந்த ஆட்கள் குதிப்பார்கள். "அதான் ஒண்ணும் இல்லியே, உடுங்க மேடம். சேத்துப்பட்டு பஸ்ஸு போயிட்ச்சின்னா பேஜாரு."

"உக்காருங்க. உங்களுக்கு அப்புறம் ஒருத்தங்க வருவாங்க இல்ல, அவங்களுக்காக உக்காருங்க."

"அவங்க யாரு எனக்கு?"

"யாருமில்ல. அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன்."

முடிவைச் சொல்லும் குரலும் ஒன்றுதான். இருக்கு என்பதையும் இல்லை என்பதையும், ரேஷன் கடையில் இன்றைக்குப் பாமாயில் உண்டா இல்லையா என்று சொல்கிற சுருதியில் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு இது கல்நெஞ்சாகப் பட்டது. பிறகு பார்த்தால், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நிறையப் பேர் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள்.

அரை மணியை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே. குரங்குக் கதை அப்படி வந்ததுதான். இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கதை. அதனால்தான் ஊரில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம், அதனால்தான் அந்தப் பட்டம்.

"ஆப்பிரிக்காவுல இந்தக் குரங்கு இருக்குதுங்க. நம்ம வைரஸுக்கு சித்தப்பா மொறை ஆகுற வைரஸ் ஒண்ணு அது உடம்புல ஓடிக்கினு இருக்குது. கொஞ்ச நஞ்சம் இல்ல, எக்கச்சக்கம். ஆனா அதுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல. தின்னுது, தாவுது, குட்டி போடுது, வயசாகிச் சாவுது."

"மருந்து எதுனா தின்னுதா மேடம்?"

"மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல. வைரஸ் உள்ள வந்த புதுசுல அது உடம்பும் நம்மள மாதிரியே கூச்சல் போடுது. கொஞ்ச நாள்ல, சரி போதும்னு அடங்கிடுது. முக்கியமான அணுவுக்கெல்லாம் வைரஸ் நுழையற கதவையே கொறைச்சு வெச்சிருக்குது. நம்ம உடம்புக்கு அடங்கத் தெரியாது. வருஷக் கணக்கா கத்திக்கினே இருக்கும். கத்திக் கத்தித் தன் ஆளுங்களையே தீர்த்துடும். கொடல் சொவரு ஓட்டையாகி, அதுல வேற கிருமி கசியும், அதுக்கும் கத்தும். பாதி ஆளு வைரஸால சாவறதில்லிங்க, அந்தக் கூச்சல்லதான்."

"நம்ம கோயில் குரங்கும் அப்படித்தானா?"

"இல்லிங்க. ஆசியாக் குரங்குக்கு அந்த வைரஸை ஏத்தினா, அதுவும் நம்மள மாதிரியே நோவு வந்து சாவுது. அந்த வெள்ளை இமைக்குத்தான் அந்த வரம். நமக்கு வரம் இல்ல, அதனால மாத்திரை. தெனம் ஒரே நேரத்துக்கு. வைரஸ் அடங்கும், உடம்பும் அடங்கும், நீங்களும் வயசாகி சாவலாம்."

வயசாகிச் சாகலாம் என்பதை இவ்வளவு ஆசையாகக் கேட்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அறைத் தடுப்பு பிளைவுட், என் மேஜை அதை ஒட்டி, பாட்டை மீறியும் துண்டு துண்டாகக் காதில் விழும். உள்ளே பேசுவது வராந்தாவுக்குக் கேட்கும் என்று மேடம் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய ரேடியோவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருந்தார். உள்ளே ஆள் போனதும் நான் பாட்டுச் சத்தத்தை ஏற்ற வேண்டும், வெளியே வந்ததும் குறைக்க வேண்டும். ஆக, ஆஸ்பத்திரியில் எனக்கு ரெண்டு வேலை. டோக்கன், ரேடியோ. ரெண்டுக்கும் படிப்பு தேவையில்லை, கொஞ்சம் நாணயம் போதும்.

தெருவில் மேடம் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார். பூக்காரி, பேங்க் கிளார்க், பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரும் அவர் எதிரே உட்கார்ந்து அழுதவர்கள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போவார். அவர் சிரித்தால், பக்கத்தில் இருப்பவர் "இன்னாமே, அந்த மேடத்தை உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணப் பத்திரிகைகள் வரும், போக மாட்டார். ஊரில் இத்தனை பேரை அறிந்த ஒருவர், தன் வீட்டுக் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்க ஓர் ஆள் இல்லாமல் தானே உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். நான் போய்த் தூக்கியிருக்கலாம். அன்றைக்குக் கையில் ஒரு துணுக்கு பாதியில் நின்றிருந்தது.

இனி ஒரு தறிக்காரப் பெண். புருஷன் இறந்து ஒரு வருஷம். மஞ்சள் காமாலை என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு முதலாளியின் தறிக் கொட்டகையில் பட்டு நெய்துகொண்டிருந்தாள். சோதனையில் கிருமி இருந்தது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அவள் பயம் தன்னைப் பற்றி இல்லை, நாடாவைப் பற்றி.

நாடா என்பது தறியில் குறுக்கே ஓடி நூல் விடுகிற மரக்கட்டை. உள்ளே நூல் சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்து புதுசு மாட்டும்போது, நூல் நுனியை நாடாவின் ஓட்டையில் வைத்து வாயால் ஒரே உறிஞ்சு. நூல் வெளியே வந்துவிடும். ஒரு சேலைக்கு எத்தனை உறிஞ்சு என்று யாரும் எண்ணியதில்லை. அந்தத் தறியில் சேலைக்குக் கரை போட இன்னொரு பெண்ணும் கூட உட்காருவாள். அதே நாடாவைச் சில நேரம் அவளும் உறிஞ்சுவாள்.

"எச்சில்ல பரவாதும்மா. எப்பவும் போல உறிஞ்சு" என்றார் மேடம். "நீ எதையும் மாத்தாதே. மாத்தினாத்தான் ஏன்னு கேப்பாங்க."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கொண்டை ஊசி ஒன்றை வளைத்து, அதால் நூலை இழுக்க ஆரம்பித்தாள். கூட இருப்பவள் கேட்டதற்கு, பல்லு கூச்சம் என்று சொன்னாள். அவளும் நம்பினாள். மாசங்கள் ஓடின. ஆரணியில் அத்தனை ஆயிரம் நாடாக்களுக்கு நடுவே ஒரே ஒரு நாடா, யாரோ ஒருத்தி மேல் இருந்த அக்கறையால் ஊசி கண்டது.

அன்றைக்கு அவள் மருந்துக்கு வந்திருந்தாள். ரேடியோவை ஏற்றினேன். என் தங்கை போன் செய்தாள், குறைத்தேன். போன் பேசி முடித்த பிறகும் ஏற்றவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

உள்ளே அவள் கொண்டை ஊசிக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். மேடம், மாத்திரையை விடாமல் சாப்பிட வைக்க மறுபடி குரங்கை அழைத்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"ஏன் மேடம், உடம்பு பூரா விஷத்தை வெச்சிகினு ஒண்ணும் ஆவாம கீதுன்றீங்களே, அந்தக் குரங்குக்கு மாமியார் கெடையாதா?"

மேடம் சிரித்தார். அங்கே இருந்த காலம் முழுக்க அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

என் மாதிரி ஆள் அதற்கு மேல் சும்மா இருப்பானா? அன்று சாயங்காலமே ஃபேஸ்புக்கில் எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மேடத்தை ஆண் டாக்டர் ஆக்கினேன். மாமியார் வசனத்தை மெருகேற்றினேன். கதை நம்பும்படி இருக்கட்டும் என்று, நாடாவையும் வளைத்த கொண்டை ஊசியையும் அப்படியே விட்டேன். விவரம்தான் எழுத்துக்கு உயிர் என்று நாலு புத்தகத்தில் படித்திருந்தேன்.

நானூறு பேர் சிரித்தார்கள். வாழ்க்கையில் அதற்கு முன் என்னைப் பார்த்து அத்தனை பேர் சிரித்தது, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தபோதுதான். ரெண்டு நாளில் அது வாட்ஸப்பில் சுற்றி எனக்கே வந்தது, "படிங்க, செம காமெடி" என்று, என் பெயர் இல்லாமல். எனக்கு முதலில் வந்த கோபம், பெயரை வெட்டிவிட்டார்களே என்பதற்குத்தான்.

மூன்றாம் நாள் அது தறிக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னைக்காரனுக்கு அது குரங்கு ஜோக். கரை போடுகிற பெண்ணுக்கு அது ஒரு கொண்டை ஊசி.

"இன்னாக்கா, உனுக்குப் பல்லு கூச்சமா?" என்று அவள் கேட்டாளாம். வேறொன்றும் கேட்கவில்லையாம். அவ்வளவு போதுமாயிருந்தது.

மறுநாள் கரை போடுகிற பெண் ஏழாம் அறைக்கு ஓடிவந்தாள். சோதனை முடிவு வந்த அன்று நாற்காலியில் ஐந்து நிமிஷம்கூட உட்காரவில்லை. மேடம் "உக்காரும்மா" என்று சொல்லச் சொல்லக் கதவைத் திறந்து, வராந்தா பூராவும் கேட்க, "எனக்கு ஒண்ணும் இல்ல! எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று கத்திக்கொண்டே போனாள். பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டபோது பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள்.

கொட்டகையில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முதலாளி ஒன்றும் கெட்டவர் இல்லை. "நான் ஒண்ணும் நெனைக்கலம்மா, மத்தவங்க வேலைக்கு வரமாட்டேன்றாங்க" என்றாராம். நல்லவர்கள் எல்லாரும் இந்த மத்தவங்க என்கிற ஆளைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். நாடாவைக் கொட்டகை வாசலில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தறியில் முக்கால்வாசி நெய்த சேலை இருந்தது, அரக்கு உடம்பு, பச்சைக் கரை. அந்தச் சேலையில் குறுக்கே ஓடுகிற ஊடை முழுக்க அவள் கை பட்ட நூல். அதை யாரும் கொளுத்தவில்லை. வேறொருவரை வைத்து மிச்சத்தை நெய்து, முகூர்த்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரோ ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பாள். நன்றாக இருக்கட்டும்.

மாமியார் அவளுடைய பாத்திரத்தைத் தனியாக வாசலில் வைத்தார். அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் மேடத்திடம் போய் நின்றேன். சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் போனில் என் காமெடி திறந்திருந்தது. மாமியார் வசனத்தைச் சொன்னது யார், கேட்டது யார் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு ரெண்டு கத்திவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

"நல்லா எழுதி இருக்கீங்க சார்" என்றார், பாமாயில் சொல்கிற சுருதியில். "ஊசியை மட்டும் எழுதாம உட்டிருக்கலாம்."

மறுநாள் என் மேஜையில் ரேடியோ இல்லை. அவருடைய கதவுக்கு மேல் ஆணி அடித்து மாட்டியிருந்தது. ஒயர் உள்ளே போனது. எனக்குக் கிடைத்த தண்டனை அது ஒன்றுதான். இன்றைக்கும் ஏதாவது கடையில் பழைய பாட்டு சத்தமாகக் கேட்டால் சாமான் வாங்காமல் வெளியே வந்துவிடுவேன்.

அவள் மருந்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு மாசம் பார்த்தார் மேடம். பிறகு ஒரு ஞாயிறு சர்ச் முடிந்ததும், மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தேவிகாபுரம் பஸ் ஏறினார். (ஊரின் பெயரை நம்பாதீர்கள். இந்த முறை சரியாக மாற்றியிருக்கிறேன்.) முதல் தடவை அவள் வாங்கவில்லை. "இன்னாத்துக்கு மேடம்? வயசாகிச் சாவறதுக்கா?" என்று கேட்டாளாம். மேடம் அரை மணி உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த ஞாயிறும் அரை மணி. அதற்கடுத்த ஞாயிறு டப்பாவை வாங்கிக்கொண்டாள். அடுத்த மாசம் நானும் வருகிறேன் என்றேன். "வாங்க" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வசனம் தயாரித்துக்கொண்டு போனேன். ரெண்டு விதமாக எழுதிப் பார்த்ததில் இரண்டாவது நன்றாக இருந்தது. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அவள் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பட்டு பிடித்த விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. மேடத்தைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். உடம்பு இளைத்திருந்தது, கண் தெளிவாக இருந்தது.

"வாங்க மேடம். இவுரு யாரு?"

"நம்ம ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கறவரு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, ஆமா! பாட்டு வெக்கிறவரு!" என்றாள். "உங்க பாட்டு ஓடிக்கினு இருக்கற தைரியத்துலதான் சார் நான் உள்ள வாயையே தொறந்தேன். எந்தப் பாவியோ எங்கிருந்தோ கேட்டுட்டு எழுதிட்டான். நல்லா இருப்பானா அவன்?"

என் வசனம் ரெண்டும் இனிச் செல்லாது. மேடத்தைப் பார்த்தேன். அவர் எதிரே குவிந்திருந்த மல்லாட்டைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், சுவரைப் பார்ப்பது போல. ஊரார் ரகசியம் அத்தனையும் அடுக்கியிருந்த இடத்தில், என்னுடையதும் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் குடிசைக்குப் போய் எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். நீட்டிவிட்டுச் சட்டென்று கையைப் பாதியில் நிறுத்தினாள். "குடிப்பீங்களா சார்?"

எச்சிலில் பரவாது, டம்ளரில் பரவாது என்று அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய நோட்டீஸில் பாதி என் கையெழுத்து. எனக்குத் தெரியாதா? ஆனால் கை ஒரு கணம் தாமதித்தது. ஒரே ஒரு கணம். பிறகு வாங்கிக் கடகடவென்று குடித்தேன், தேவைக்கு மேல் வேகமாக. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "உப்பு கம்மியா?" என்றாள். அவளும் பார்த்திருந்தாள். மேடமும் பார்த்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில், ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அந்த வெள்ளை இமைக் குரங்குங்க மட்டும் எப்படி மேடம் அடங்கக் கத்துக்கிச்சு?"

"கத்துக்கல சார்." ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "அந்த வைரஸ் மொதமொதல்ல வந்தப்ப, அடங்காததெல்லாம் செத்துப் போயிருக்கும். அடங்கினது குட்டி போட்டு, அந்தக் குட்டியிலயும் அடங்காதது செத்து... எத்தனை ஆயிரம் வருஷமோ. அப்படித்தான் இருக்கணும்னு சொல்றாங்க. மிச்சம் மீந்ததைப் பாத்துட்டு, ஆகா எவ்ளோ நல்ல குரங்குன்னு நாம படம் மாட்டிக்கிறோம்."

"அரை மணி நேரத்துல இதை நீங்க சொன்னதே இல்லியே."

"இதைக் கேக்கவா அவங்க வர்றாங்க?"

அடுத்த வருஷம் நிதி நின்று ஏழாம் அறையை மூடினார்கள். இப்போது அது குளுக்கோஸ் பாட்டில் அடுக்கும் அறை. மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. வழியனுப்பக்கூட ஒருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் யார், எதற்கு என்று ஊர் கேட்டிருக்கும். அந்த அளவுக்கு அவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்.

ஆனால் என் மனசில் நிற்பது அந்தத் திரும்பி வந்த பஸ்தான். ஆரணிக்குள் நுழையும்போது அவர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"இதையும் எழுதிடுவீங்களா சார்?"

"மாட்டேன் மேடம்" என்றேன். "சத்தியமா மாட்டேன்."

"சரிங்க" என்றார்.

இருக்கு என்பதற்கும் இல்லை என்பதற்கும் வைத்திருந்த அதே குரல். நம்பினாரா, நம்பவில்லையா என்று அதை வைத்து ஆரணியில் யாராலும் சொல்ல முடியாது.